300 ரூபாய் மவுஸ், 3,000 ரூபாய் மவுஸ்: எதற்கு எது போதும்?

மலிவு விலையில் மவுஸ் வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை (மவுஸ் தன் அசைவை எவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறது என்று சொல்வது) பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 500 ரூபாய் மவுஸின் பெட்டியில் 7200 என்று இருக்கும், 350 ரூபாய் மவுஸில் 1000 என்று இருக்கும். ஏழு மடங்கு உசத்தி என்று நம்பி முன்னதை எடுப்பவர்கள் ஏராளம். ஆனால் அந்த 350 ரூபாய் மவுஸ்தான் பெரும்பாலும் நல்ல மவுஸ்.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் வயர் மவுஸ்களை விலையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். 300 முதல் 450 ரூபாய் வரை டெல் எம்எஸ்116, லாஜிடெக் பி100, எம்90 போன்ற சாதாரண ஆபீஸ் மவுஸ்கள். 500 முதல் 900 வரை கலர் விளக்கு எரியும், பக்கவாட்டில் பட்டன் வைத்த, 'கேமிங்' என்று பெயர் போட்ட மவுஸ்கள். இவற்றில் பல ஒரே தொழிற்சாலை டிசைனில் வேறு வேறு பெயர் ஒட்டி வருபவை. 1,300 முதல் 2,000 வரை லாஜிடெக் ஜி102, ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் மாதிரியான, உண்மையிலேயே கேம் ஆடத் தகுந்த மவுஸ்கள். ஆன்லைன் தள்ளுபடி நாட்களில் இந்த விலைகள் இன்னும் இறங்கும்.

முதல் வகையும் மூன்றாவது வகையும் கொடுத்த காசுக்குத் தகும். நடுவில் இருப்பது தகாது. ஆபீஸ் வேலைக்கு அது தேவையில்லை, கேமுக்கு அது போதாது. 700 ரூபாய் கையில் இருந்து கேமிங் மவுஸ்தான் வேண்டும் என்றால், இப்போதைக்கு 350 ரூபாய் மவுஸில் ஓட்டிவிட்டு, பாக்கிப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஜி102 வாங்குவதுதான் சரி.

டிபிஐ: எவ்வளவு இருந்தால் போதும்

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. விண்டோஸில் மவுஸ் வேகத்தை நடுக்கோட்டில், அதாவது 11 கோட்டில் 6-ஆவதில் வைத்து, 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் ஓர் எண்ணிக்கைக்கு அம்பு ஒரு பிக்சல் நகரும். 1920 பிக்சல் அகலமுள்ள ஃபுல் எச்டி திரையை ஓரத்திலிருந்து ஓரம் கடக்க 800 டிபிஐயில் கை 6.1 செ.மீ. நகர வேண்டும். 1000 டிபிஐயில் 4.9 செ.மீ., 1600-இல் 3 செ.மீ. மணிக்கட்டைத் தூக்காமலே செய்யக்கூடிய அசைவுகள் இவை. 7200 டிபிஐயில் முழுத் திரையும் 7 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த அம்பை வைத்துக்கொண்டு எக்செல்லில் இரண்டு பத்திகளுக்கு நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து இழுக்க யாராலும் முடியாது. கடைசியில் டிபிஐ பட்டனை அழுத்தி 1200-க்கோ 1600-க்கோ இறக்கித்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 4கே திரை வைத்திருப்பவர்களுக்கு 1600 வசதி. அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

அந்தப் பெரிய எண் உண்மையானதா என்பது அடுத்த கேள்வி. மவுஸின் அசைவை எண்ணும் சிப்தான் சென்சார். பழைய அவாகோ ஏ3050 சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தானாக எண்ணக்கூடியது அங்குலத்துக்கு 2000 வரைதான். அதை வைத்தே 4000 என்று எழுதி விற்ற மவுஸ்கள் உண்டு. சென்சார் ஒன்று எண்ணினால், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் அதை இரண்டாகப் பெருக்கிக் கணினிக்குச் சொல்லிவிடும். அம்பு வேகமாகப் போகும், நுணுக்கம் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு பிக்சலைத் தாண்டிக் குதிக்கும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் இருக்கும் பெயின்ட் புரோகிராம் போதும். டிபிஐயை உச்சத்தில் வைத்து, பென்சில் கருவியை எடுத்து, திரையைப் பெரிதாக்கிக்கொண்டு, மவுஸை முடிந்த அளவு மெதுவாகச் சாய்வாக நகர்த்துங்கள். நல்ல சென்சாரில் கோடு சிறிய, ஏறத்தாழ ஒரே அளவிலான படிகளாக வரும். பெருக்கல் நடக்கும் மவுஸில் படிகள் இரண்டு இரண்டு பிக்சலாகத் தாவும், நடுவில் கோடு நடுங்கும். அதே மவுஸை 800-க்கோ 1200-க்கோ இறக்கி மறுபடி வரையுங்கள். நடுக்கம் போய்விட்டால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கையால் இழுக்கும் படுக்கைக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக வந்தால், சென்சார் உங்கள் கோணத்தைத் தானே திருத்துகிறது என்று அர்த்தம். இதை ஆங்கிள் ஸ்நாப்பிங் என்பார்கள். டேலி போடுபவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. படம் வரைபவருக்கும் கேம் ஆடுபவருக்கும் இது தொல்லை.

வேகம்தான் உண்மையான வித்தியாசம்

ஆப்டிகல் மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. எல்இடி சாய்வாக ஒளி அடிக்க, மேஜையின் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரிகின்றன. லென்ஸ் வழியாக அதை 18×18, 30×30 என்ற அளவில் மிகச் சிறிய படங்களாக நொடிக்கு ஆயிரக்கணக்கில் சென்சார் எடுக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம் எவ்வளவு போனது என்று கணக்குப் போடுகிறது. 1999-இல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் இந்த முறையைப் பரவலாக்கியது. அதற்கு முன் மவுஸுக்குள் உருண்ட ரப்பர் பந்தும், அதில் சேரும் அழுக்கும் அதோடு ஒழிந்தன. இன்றைய 300 ரூபாய் மவுஸும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

மவுஸை மிக வேகமாக இழுத்தால் அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கும் பொதுவான பகுதியே இருக்காது. சென்சாருக்கு ஒப்பிட ஒன்றுமில்லை, வழி தவறிவிடும். கேமில் திரும்பிச் சுட முயலும்போது பார்வை திடீரென்று தரைக்கோ வானத்துக்கோ போவது இதனால்தான். இந்த வரம்பை நொடிக்கு எத்தனை அங்குலம் என்று சொல்வார்கள், சுருக்கமாக ஐபிஎஸ். கூடவே முடுக்கத்தை 'ஜி' கணக்கில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்வார்கள்.

எவ்வளவு தேவை என்பதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் 800 டிபிஐ, 0.4 சென்சிட்டிவிட்டி (கேமுக்குள் வைக்கும் மவுஸ் வேகம்) என்பது பலரும் வைக்கும் அளவுக்குப் பக்கத்தில் உள்ளது. அதில் ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் கிட்டத்தட்ட 41 செ.மீ. போக வேண்டும். பின்னால் இருக்கும் ஆளைச் சுட அரைச் சுற்று, அதாவது 20 செ.மீ. அதை 0.15 நொடியில் செய்தால் சராசரி வேகமே நொடிக்கு 53 அங்குலம் வருகிறது. கை நின்ற இடத்திலிருந்து கிளம்பி மறுபடி நிற்பதால், நடுவில் உச்ச வேகம் 100 அங்குலத்தைத் தொடும். ஏ3050-இன் வரம்பு 60 அங்குலம், 20 ஜி. சாதாரண ஆபீஸ் மவுஸ் சென்சார்கள் அதற்கும் கீழே. டெத்ஆடர் எசென்ஷியலில் உள்ளது 220 அங்குலம், 30 ஜி தாங்கும். பெட்டியில் ஐபிஎஸ் என்ன என்று போடாமல் டிபிஐயை மட்டும் போட்டிருக்கும் 'கேமிங்' மவுஸை வாங்காதீர்கள். சொல்லிக்கொள்ளத் தகுந்த எண்ணாக இருந்தால் போட்டிருப்பார்கள்.

கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. அம்பைத் திரையின் நடுவில் ஓர் ஐகான்மேல் வையுங்கள். மவுஸ் பேடின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மவுஸை அதில் முட்டவைத்துத் தொடங்குங்கள். எதிர்ப்பக்கத்துக்கு மெதுவாகச் சில சென்டிமீட்டர் தள்ளிவிட்டு, ஒரே வீச்சில் வேகமாக ஸ்கேலுக்குத் திரும்புங்கள். டிபிஐ குறைவாக இருந்து, அம்பு திரையின் ஓரத்தைத் தொடாதவரை, அது கிளம்பிய ஐகான் பக்கத்திலேயே வந்து நிற்க வேண்டும். வேகமாகத் திரும்பும்போதெல்லாம் வெகு தூரம் முன்பாகவே நின்றுவிட்டால், சென்சார் எண்ணிக்கையைத் தொலைக்கிறது. விண்டோஸில் முன்பு சொன்ன 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுக்காமல் செய்தால் நல்ல மவுஸும் இதில் தோற்கும்.

போலிங் ரேட் என்பது மவுஸ் தன் நிலையைக் கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை சொல்கிறது என்பது. மலிவு மவுஸ்கள் லோ ஸ்பீடு யூஎஸ்பி வகை. அவை 125 முறை சொல்லும், 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. கேமிங் மவுஸ்கள் ஃபுல் ஸ்பீடில் 1000 முறை. சராசரித் தாமதம் முன்னதில் 4 மில்லிசெகண்ட், பின்னதில் அரை மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிசெகண்ட் என்பதால் ஆபீஸ் வேலையில் இது தெரியாது. 144 ஹெர்ட்ஸ் திரையில் அம்பை வட்டமாகச் சுற்றினால் 125-இன் தடக் தடக் கண்ணுக்கே தெரியும். இலவசமாகக் கிடைக்கும் மவுஸ் ரேட் சோதனைப் பக்கம் ஒன்றைத் திறந்து மவுஸை வேகமாகச் சுற்றினால் எண் வந்துவிடும். பெட்டியில் 1000 என்று இருந்து அங்கே 125-லேயே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும்

எக்செல், டேலி, பிரௌசர், பில் போடுவது, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு: இத்தனைக்கும் டெல் எம்எஸ்116 தாராளம். 1000 டிபிஐ, மூன்று பட்டன், 1.8 மீட்டர் வயர். லாஜிடெக் பி100-உம் அதே தரம். 800 டிபிஐ என்பதால் அம்பு கொஞ்சம் நிதானமாகப் போகும், வயதானவர்களுக்கு அது நல்லதே. இரண்டும் இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடது கைக்காரர்களுக்கும் பொருந்தும். இந்த மவுஸ்களின் பெரிய பலம், கெட்டுப்போக இவற்றில் அதிகம் ஒன்றுமில்லை என்பது. விளக்கு இல்லை, சாஃப்ட்வேர் இல்லை, ரப்பர் பூச்சு இல்லை.

அந்த ரப்பர் பூச்சைத் தவிர்க்கவே சொல்வோம். கடையில் தொடும்போது வெல்வெட் மாதிரி இதமாக இருக்கும். பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் மெல்லச் சிதையும் தன்மை கொண்டது. சென்னை, தூத்துக்குடி மாதிரியான கடலோரப் புழுக்கத்திலும் கை வியர்வையிலும் அது பிசுபிசுவென்று ஆகி, அழுக்கை எல்லாம் இழுத்துக்கொள்ளும். துடைத்தால் உரியும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் நம் ஊருக்கு ஏற்றது.

ஆட்டோகேட் வேலை செய்பவர்கள் நடு வீலை அழுத்தியபடியே நாள் முழுக்கப் படத்தை நகர்த்துவார்கள். மலிவு மவுஸ்கள் பலவற்றில் இந்த வீல் கிளிக் கல் மாதிரி கடினம். வாங்குமுன் வீலை அழுத்திப் பிடித்தபடி மவுஸை நான்கு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். அழுத்தும்போதே வீல் ஒரு பல் உருண்டுவிட்டால் வேறு மவுஸ் கேளுங்கள், படம் வரையும்போது நினைக்காமலே ஜூம் ஆகித் தொலைக்கும்.

வயர் வேண்டாம் என்றால் லாஜிடெக் எம்185: 1000 டிபிஐ, ஒரு ஏஏ பேட்டரி, நிறுவனத்தின் கணக்கில் 12 மாதம். கைக்குழந்தை தூங்கும் அறையிலோ அமைதியான ஆபீஸிலோ இருப்பவர்களுக்குச் சத்தமில்லாத எம்221, அது 18 மாதம் என்கிறார்கள். இந்த மவுஸ்களில் அம்பு விட்டு விட்டு நகர்ந்தால் உடனே மவுஸைக் குறை சொல்லாதீர்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழும். மவுஸோடு வரும் குட்டி யூஎஸ்பி ரிசீவர் பேசுவதும் அதே பகுதியில்தான். கேபினெட்டின் பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்தில் ரிசீவரைச் செருகினால் திக்கத்தான் செய்யும். கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டு ரிசீவரை மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். அதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேமுக்கு

ஜி102 லைட்சிங்க் 2020-இல் வந்தது. 200 முதல் 8000 டிபிஐ, 1000 ஹெர்ட்ஸ், ஆறு பட்டன், 85 கிராம். 11.7 செ.மீ. நீளம், 6.2 அகலம், 3.8 உயரம். 8000 யாருக்கும் வேண்டாம், ஆனால் 400-லிருந்து 1600 வரை இதன் சென்சார் தடுமாறாமல் சுத்தமாக ஓடும், அதற்குத்தான் காசு. லாஜிடெக்கின் ஜி ஹப் சாஃப்ட்வேரை ஒரே ஒரு முறை போட்டு, டிபிஐயை 800 அல்லது 1600 என்று ஒற்றைப் படியாக்கி, விளக்கை அணைத்து, மவுஸின் நினைவகத்திலேயே சேமித்துவிடுங்கள். பிறகு சாஃப்ட்வேரை நீக்கிவிட்டாலும் அமைப்பு அப்படியே இருக்கும். கேம் நடுவில் விரல் பட்டு டிபிஐ மாறித் தொலைப்பதும் நிற்கும்.

டெத்ஆடர் எசென்ஷியல் 12.7 செ.மீ. நீளம், 96 கிராம், 6400 டிபிஐ, ஐந்து பட்டன். வலது கைக்கு மட்டுமே வளைத்த வடிவம். இந்த இரண்டில் எது என்பதைச் சென்சாரை வைத்து முடிவு செய்யாதீர்கள், கையை வைத்து முடிவு செய்யுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் கோடு வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 19 செ.மீ.க்கு மேல், உள்ளங்கை முழுக்க மவுஸ்மேல் படியும்படி பிடிப்பவர் என்றால் டெத்ஆடர். 18-க்குக் கீழே, அல்லது விரல்களை மடக்கி நுனியால் பிடிப்பவர் என்றால் ஜி102. பெரிய கையில் ஜி102-ஐ வைத்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மேஜையில் உரசிக்கொண்டே இருக்கும், இரண்டு மணி நேரத்தில் வலி தெரியும். சின்னக் கையில் டெத்ஆடர் இருந்தால் பக்கவாட்டுப் பட்டனை எட்டக் கட்டைவிரலை நீட்ட வேண்டிவரும், அந்த நேரத்தில் பிடி நழுவும்.

எடையும் முக்கியம். நடு அடுக்கு மவுஸ்களைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இரும்புத் துண்டு ஒட்டியிருப்பதைப் பலவற்றில் காணலாம். கனமாக இருந்தால் தரமானது என்று கை நம்பிவிடுகிறது. அந்தத் துண்டால் வேறு பயன் கிடையாது. ஸ்க்ரூவைக் கழற்றி அதை எடுத்து எறிந்துவிட்டு மூடினால் மவுஸ் உடனே லேசாகிவிடும். எடுக்குமுன் அது போர்டையோ வயரையோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ்ஸில் கேம் ஆட 3,000 ரூபாய் வாக்கில் லாஜிடெக் ஜி304. ஜி102-இன் அதே உடம்பு, ஹீரோ சென்சார், 12000 டிபிஐ, ஏஏ பேட்டரியோடு 99 கிராம், 250 மணி நேரம். தாமதத்தில் வயருக்குச் சளைத்ததில்லை. பின்பக்கம் கனக்கிறது என்று தோன்றினால் ஏஏ இடத்தில் ஏஏஏ பேட்டரியை ஓர் அடாப்டர் கூட்டில் வைத்துப் போடலாம், பத்து கிராமாவது குறையும், ஓடும் நேரமும் பாதிக்குக் கீழே போகும். 1,000 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும் 'வயர்லெஸ் கேமிங்' மவுஸ்களை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்றால் தூங்கிவிட்டு, அசைத்த பிறகு மெல்ல விழிக்கும் பழக்கம் அவற்றில் நிறைய.

எது எப்படிக் கெடும்

மலிவு மவுஸ் சாகும் வழிகள் மூன்றுதான்: கிளிக், வீல், வயர். சென்சார் கெட்டு மவுஸ் போவது மிக அரிது.

கிளிக்கில் வருவது டபுள் கிளிக் நோய். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதியும். அதற்கு முன்பே ஓர் அறிகுறி காட்டும்: எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது நடுவில் விட்டுப்போகும், ஃபைலை இழுத்துப்போனால் பாதி வழியில் கீழே விழும். இடது பட்டனுக்கு அடியில் 12.8 மி.மீ. நீளத்தில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. அதன் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால், உள்ளே காகிதம் மாதிரி மெல்லிய ஒரு செம்புத் தகடு வில்லாக வளைந்து நிற்பது தெரியும். பட்டனை அழுத்தும்போது தகட்டின் நுனி 'டிக்' என்று கீழே தாவி அடுத்த முனையைத் தொடுகிறது. தொட்டவுடன் அது நிலைப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சில முறை துள்ளும். துள்ளல் அடங்கச் சில மில்லிசெகண்ட் பொறுத்துத்தான் கன்ட்ரோலர் அதை ஒரே கிளிக்காகக் கணக்கிடும். தகடு தளர்ந்து, முனையில் கறுப்புப் படலம் சேரும்போது துள்ளல் அந்தப் பொறுமையைத் தாண்டி நீள்கிறது. இன்றைய சிப்கள் குறைந்த வோல்ட்டில், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுவதால், அந்தப் படலம் எரிந்து விலகவும் வழியில்லை.

ஜி102, டெத்ஆடர் எசென்ஷியல் இரண்டிலும் பட்டனுக்கு ஒரு கோடி கிளிக் என்று போட்டிருக்கிறார்கள். நாளுக்கு 5,000 கிளிக் என்றால் ஐந்தரை வருடம். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் அதற்கு வெகு முன்பே டபுள் கிளிக் தலைகாட்டலாம். மெக்கானிக்கல் ஸ்விட்ச் வைத்த எந்த மவுஸுக்கும் இது பொது.

உத்தரவாதம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், பிரிக்காதீர்கள். உத்தரவாதம் முடிந்திருந்தால் ஸ்விட்சை மாற்றலாம், பெரிய வேலை இல்லை. ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் ஸ்டிக்கருக்கோ லேபிளுக்கோ கீழே ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி ஸ்டிக்கரை மெல்ல உரித்தால் மறுபடி ஒட்டலாம். ஸ்விட்சுக்கு மூன்று கால். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயத்தை உறிஞ்சும் செம்பு வலை இருந்தால் போதும். கால்களை வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள், போர்டில் உள்ள செம்பு வளையம் கழன்று வந்துவிடும். அதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் சேதம். புது ஸ்விட்சின் சின்ன பட்டன் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் வையுங்கள். ஓம்ரான், ஹுவானோ, கைல் மூன்று நிறுவனங்களின் வழக்கமான மவுஸ் ஸ்விட்சுகளும் ஒரே அளவு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செத்துப்போன பழைய மவுஸ் ஒன்றைத் தேடுங்கள். அதில் வலது கிளிக் ஸ்விட்ச் அதிகம் உழைத்திருக்காது, அளவும் பெரும்பாலும் பொருந்தும்.

வீல் கோளாறு என்றால், கீழே உருட்டும்போது பக்கம் திடீரென்று மேலே குதிக்கும். வீலின் ஓரத்தில் இருக்கும் என்கோடருக்குள் (வீல் உருளுவதை எண்ணும் பாகம்) தூசி போயிருக்கும், அல்லது அதன் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். முதலில் வீலைச் சுற்றிக் காற்றை ஊதுங்கள். போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு என்கோடருக்குள் விட்டு, வீலை இருபது முப்பது முறை உருட்டி, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். உள்ளே இருக்கும் கிரீஸையும் அது கழுவிவிடும் என்பதால் இது தற்காலிக வைத்தியம்தான். புது என்கோடர் வாங்கும்போது உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள், மாடலுக்கு மாடல் அது மாறும்.

வயர் அறுவது எப்போதும் ஒரே இடத்தில்: மவுஸின் மூக்கில், ரப்பர் கழுத்து முடியும் இடம். வயரை ஒரு பக்கம் வளைத்தால் மவுஸ் உயிர்பெற்று, விட்டால் விண்டோஸ் 'டுடும்' என்று துண்டிப்புச் சத்தம் கொடுத்தால் உள்ளே இழை முறிந்திருக்கிறது. முறிந்த இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். யூஎஸ்பி வழக்கப்படி சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், பச்சையும் வெள்ளையும் டேட்டா. மலிவு வயர்களில் இந்த நிறங்களை நம்ப முடியாது. மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, யூஎஸ்பி முனையிலிருந்து ஒவ்வொரு இழையாகச் சரிபார்த்த பிறகே இணையுங்கள். 5 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறினால் சிப் போய்விடும். மவுஸ்மேல் வயரைச் சுற்றிக் கட்டி லேப்டாப் பையில் திணிக்கும் பழக்கம்தான் இந்த முறிவுக்கு முக்கியக் காரணம். வயரைத் தனியாகப் பெரிய வளையமாகச் சுற்றி வைத்தால் பல வருடம் வரும்.

அடியில் என்ன இருக்கிறது

மவுஸ் தடுமாறினால் முதலில் மேஜையைச் சந்தேகப்படுங்கள். கண்ணாடியில் ஒளி ஊடுருவிப் போய்விடும், சென்சாருக்குப் பார்க்க ஒன்றுமிருக்காது. பளபளக்கும் சன்மைக்காவிலும் பாலிஷ் போட்ட கிரானைட்டிலும் ஒளி முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டதுபோல் எதிர்ப்பக்கம் தெறித்துவிடும், லென்ஸுக்கு வராது. சிவப்பு எல்இடி மவுஸுக்குச் சிவப்பு அச்சுப் படம் போட்ட பேடும் ஆகாது. சிவப்பு ஒளியில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோல் வெளுத்துத் தெரியும். கறுப்பு அல்லது சாம்பல் நிறத் துணிப் பேடே நல்லது. ஆபீஸுக்குக் கையகலப் பேடு போதும். குறைந்த சென்சிட்டிவிட்டியில் கேம் ஆடுபவர்களுக்கு 45×40 செ.மீ.க்குக் குறைந்தால், பேடின் நடுவிலிருந்து அரைச் சுற்றுக்கே இடம் போதாது. ஓரம் தைத்த பேடாகப் பார்த்து வாங்குங்கள், தைக்காதது பிரிபிரியாக வரும். நல்ல மவுஸ் வாங்கிவிட்டு வெறும் மேஜையில் ஓட்டினால் அடியில் உள்ள டெஃப்லான் சீக்கிரம் தேய்ந்து, சென்சாருக்கும் மேஜைக்கும் உள்ள தூரம் மாறிவிடும்.

தூரம் என்றதும் இன்னொரு சோதனை. மவுஸைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது அம்பு நகரக் கூடாது. பழைய சிடி ஒன்றின் கனம் 1.2 மி.மீ. மவுஸின் அடியில் முன்னும் பின்னும், சென்சார் ஓட்டையை மறைக்காமல் ஒவ்வொரு சிடியை வைத்து அசையுங்கள், பிறகு இரண்டிரண்டாக அடுக்கி அசையுங்கள். ஒன்றில் நகர்ந்து இரண்டில் நின்றால் நல்ல மவுஸ். இரண்டிலும் நகர்ந்தால், கேமில் ஒவ்வொரு முறை தூக்கி வைக்கும்போதும் குறி கொஞ்சம் விலகும்.

ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தரும் அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். பெயின்ட் கோடு, ரேட் சோதனை, எழுத்தைத் தேர்ந்தெடுத்து இழுப்பது, நீளமான பக்கத்தை மெதுவாக உருட்டுவது, வயரின் கழுத்தை வளைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் வந்த அன்றே செய்துவிடுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் அச்சாகி இருக்கிறதா, மவுஸின் அடியில் உள்ள சீரியல் எண் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஜி102-க்குப் போலிகள் வருகின்றன. பில்லை மொபைலில் படம் எடுத்து வையுங்கள், வெயிலில் அந்தத் தெர்மல் காகிதம் உத்தரவாதம் முடியும் முன்பே வெளுத்துவிடும்.